இனிஷியலும் எச்சிலும்

1

அப்பா போய் வருஷம் திரும்பப் போகிற வாரம் அது. காலை ஷிஃப்ட் முடித்து வீட்டுக்கு வந்தேன். மகள் கயல் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த நோட்டீஸ் ஒன்று ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை பெற்றோர்கள் வரலாம், "உங்கள் எர்ப்கூட்டை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்" என்று ஜெர்மனில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

டார்ட்முண்டுக்கு வந்து பதினான்கு வருஷமாக இந்த மொழியோடு மல்லுக்கட்டுகிறேன். முதியோர் இல்லத்தில் வேலை. கிழவிகள் திட்டுவதெல்லாம் புரியும், சர்க்கார் கடிதம் வந்தால் ஒரு வரி ஓடாது. எனக்குத் தெரிந்த மட்டில் 'எர்பெ' என்றால் வாரிசுச் சொத்து. 'கூட்' என்றால் பண்ணை, நிலபுலம். இரண்டையும் சேர்த்துப் படித்தேன். நம்ம ஊர் வில்லங்கம் கடல் தாண்டி கயல் பள்ளிக்கூடம் வரைக்கும் வந்துவிட்டதா?

"ஏண்டி, உங்க ஸ்கூல்ல சொத்து விவகாரமெல்லாம் பாக்குறாங்களா? வக்கீல் யாராச்சும் வர்றாரா?" என்று கேட்டேன்.

கயலுக்குப் பதிமூன்று வயது. என் ஜெர்மனைக் கேட்டாலே அவளுக்குக் கழுத்து வரைக்கும் சிவந்துபோகும். அன்றைக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. "அய்யோ அம்மா, அது டி.என்.ஏ.ம்மா. எர்ப்கூட்னா டி.என்.ஏ. எங்க பயாலஜி டீச்சர் எடுத்துக் காட்டப்போறாங்க. யார்கிட்டயும் இப்படிக் கேட்டுடாத, ப்ளீஸ்."

சிரிக்கட்டும். மூன்று மாசமாக அவள் அம்மாவுக்கு வாரிசு, வாரிசு என்று ஒரே சொல்தான் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது அவளுக்கு எப்படித் தெரியும்?

2

கதையைச் சொல்லிவிடுகிறேன். என்னோடு படித்த சரோஜா மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். யார் எந்தச் சான்றிதழுக்கு மனுப் போட்டாலும் அவள் கண்ணில் படாமல் தப்பாது. ஒருநாள் போன் பண்ணினாள்.

"ஏ அஞ்சல, உங்கப்பாருக்கு ஒரே புள்ளையாமே?"

"என்னடி உளர்ற?"

"நான் உளறல. பாரு, அனுப்பிருக்கேன்."

போட்டோவைத் திறந்து பார்த்தேன். அப்பா மாரிமுத்துவின் வாரிசுச் சான்றிதழ். மகன் முருகையன். அதற்குக் கீழே கோடு. வேறு வாரிசு கிடையாது. அம்மா முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டாள். முருகையன் என் அண்ணன். என்னைவிடப் பதினொரு வயது மூத்தது. நான் எங்கே? என்னைப் பெற்றது யார்? போனைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன், பஸ் வந்து போனதுகூடத் தெரியவில்லை.

இங்கிருந்தபடியே ஒரு மனுப் போட்டேன். 'தமிழ் வாழ்க' என்று வாசலில் போர்டு மாட்டிய தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு மாசம் கழித்துப் பதில் வந்தது. எனக்கே அகராதி தேவைப்பட்ட தமிழ் அது. மனுதாரரின் கல்விச் சான்றில் தகப்பனார் பெயர் கோவிந்தன் என்று இருக்கிறபடியால், மேற்படி மாரிமுத்துவுக்கு மனுதாரர் வாரிசு என்பதை உரிமையியல் நீதிமன்றத்தில் மெய்ப்பித்து வரவேண்டுமாம்.

கிராம நிர்வாக அதிகாரிக்குப் போன் போட்டேன். மரியாதையான மனுஷன்தான், குறை சொல்லக் கூடாது.

"மேடம், உங்கண்ணனே எழுதிக் குடுத்திருக்காருங்க. நீங்க அவரோட மாமா மகளாம்ல? உங்க சர்ட்டிபிகேட்டும் அதைத்தானே சொல்லுது? கோ. அஞ்சலைன்னு இருக்கு. நீங்க மா. அஞ்சலையா இருந்தா நான் எதுக்குங்க தகராறு பண்ணப்போறேன்?"

"அய்யா, அது சின்ன வயசுல தப்பா எழுதினது."

"அப்ப ஒரு டி.என்.ஏ. டெஸ்ட்டு எடுத்துக் கொண்டாங்களேன்" என்று சிரித்தார். அவருக்கு விளையாட்டு.

அன்றைக்குப் பூரா அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மாமா மகளாம்! நம்ம பக்கம் மாமா மகள் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டிக்கிற முறை! என் கல்யாணத்தில் கூடப்பிறந்தவன் என்று நின்று என் கையில் பொரி அள்ளிப் போட்டது யார்? கயலுக்குக் காது குத்த ஊருக்கு வந்தபோது தாய்மாமன் என்று சட்டையைக் கழற்றி உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் அலறினபோது சேர்ந்து அழுதது யார்? முறைப்பெண்ணின் மகளுக்கா மடி கொடுத்தார்? ஒரு கையெழுத்தில் எத்தனை முறையைப் புரட்டிப் போட்டுவிட்டார் என்று அவர் யோசிக்கவே இல்லை.

அண்ணனுக்குப் போன் பண்ணினேன். அண்ணி எடுத்தார். "வயலுக்குப் போயிருக்காரும்மா." மறுநாளும் வயல். அடுத்த வாரம் மன்னார்குடி. அதற்கடுத்த வாரம் நாகப்பட்டினம். மூன்று மாசமாக இந்த மனுஷன் வீட்டுக்கே வரவில்லையாம், நான் நம்ப வேண்டுமாம்.

இருந்தாலும் நான் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் சேகர் "உங்கண்ணன் வேலையைக் காட்டிட்டாரு" என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவன் எவனோ எழுதி நீட்டியிருப்பான், அண்ணன் எட்டாங்கிளாஸ்தான், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கும் என்றேன். விஷயம் புரிந்ததும் வெட்கத்தில் போனை எடுக்காமல் ஒளிகிறது என்றேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

அந்தக் 'கோ' எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஐந்து வயது. அறுவடைக் கூலி கேட்டு எங்கள் தெருவே கதிர் அறுக்க மாட்டோம் என்று நின்ற வருஷம். அப்பா சங்கத்தில் இருந்தார். நில உச்சவரம்புச் சட்டம் வந்தாலும் எங்கள் ஊர்ப் பண்ணைக்காரர் நிலம் ஒரு குழி குறையவில்லை. கோயில் பேரில், கணக்கப்பிள்ளை பேரில், செத்துப்போன சித்தி பேரில் என்று எழுதி வைத்திருந்தார். "பண்ணை வூட்டுப் பூனைக்குக்கூடப் பட்டா இருக்கு, நமக்குத்தான் இல்ல" என்பார் அப்பா. கோட்டையில் எந்தக் கட்சி வந்தாலும் மேடையில் ஏழைக்கு நிலம் என்பார்கள், வயலில் பினாமி அசையாது. அந்த வருஷம் அடிதடியாகி அப்பா தலைமறைவாகிவிட்டார். போலீஸ் வேன் எங்கள் தெரு முனையிலேயே நின்றது. அம்மாவை இரண்டு தடவை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஊர்ப் பள்ளிக்கூடம் பண்ணைக்காரர் குடும்பத்து நிர்வாகம். மாரிமுத்து மகள் என்றால் வாசப்படி ஏற விடமாட்டார்கள். அதனால் அண்ணன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, இரண்டு வாய்க்கால் தாண்டி, மன்னார்குடிக்கு நடந்தது. அம்மா கூடப்பிறந்த கோவிந்தன் மாமா அங்கே அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் அத்தைக்கும் பிள்ளை கிடையாது. அவர்கள் வீட்டில் தங்கிப் படிக்க ஏற்பாடு.

ஹெட்மாஸ்டர் பெரிய ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "புள்ள பேரு?"

"அஞ்சலைங்க."

"அப்பா பேரு?"

"கோவிந்தன் சார்" என்றது அண்ணன், கண்ணை இமைக்காமல்.

நான் விடுவேனா? "இல்ல சார், மாரிமுத்து" என்றேன். தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. "மாரிமுத்து பெரியப்பா பேருங்க சார், அவரு மேல இதுக்குப் பாசம்" என்று அண்ணன் சமாளித்தது. பதினாறு வயசுப் பையனுக்கு அந்தச் சமயோசிதம் எங்கிருந்துதான் வந்ததோ. ரிஜிஸ்டரில் 'கோ' ஏறிவிட்டது.

வெளியே வந்து தேரடியில் எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் பைப்பில் தண்ணீர் குடித்தது. "அழுவாத. அப்பா பேரைச் சொன்னா உன்னைப் படிக்க விட மாட்டாங்க. ஒரு எழுத்துதானே, அண்ணன் மாத்தித் தர்றேன்" என்றது. கிள்ளின இடத்தைத் தடவிக் கொடுத்தபடியேதான் சொன்னது. நான் இன்றைக்கு வெள்ளைக்கார ஊரில் நர்ஸ் உடுப்புப் போட்டிருக்கிறேன் என்றால் அந்தப் பொய்தான் காரணம். அதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

அப்பா சிறைக்குப் போய்த் திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டபோது வாய்விட்டுச் சிரித்தார். "இனிசியலா படிக்கப் போவுது? புள்ளதானே படிக்குது." அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் வழக்கு, தடை உத்தரவு, தஞ்சாவூர் கோர்ட் என்று நடந்து நடந்து உபரி நிலத்தில் ஒரு ஏக்கர் அப்பா பேருக்கு வந்தது. பட்டாவில் தன் பேரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். முதல் வருஷம் அதில் நாற்று நட்ட பெண்களோடு நானும் இறங்கினேன். என் எழுத்தை மாற்றத்தான் யாருக்கும் நேரமில்லை. பத்தாம் கிளாஸ், நர்ஸிங், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் 'கோ' என் பின்னாலேயே வந்தது.

இங்கே வந்ததும் அந்த ஒரு எழுத்து முழுப்பெயராக வளர்ந்து நின்றது. எல்லோருக்கும் குடும்பப் பெயர் வேண்டுமாம். பாஸ்போர்ட்டில் கோவிந்தன் இருக்கிறதா, நான் ஃப்ரௌ கோவிந்தன், அதாவது திருமதி கோவிந்தன். முனிசிபல் ஆபீஸ் பெண் ஒருத்தி எங்கள் மூன்று பேர் காகிதத்தையும் பரப்பி வைத்துக்கொண்டு, "கணவர் ஒரு குடும்பப் பெயர், நீங்கள் ஒன்று, குழந்தை வேறொன்றா? நீங்கள் உண்மையில் ஒரே குடும்பமா?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் அண்ணன் அதே கேள்வியைச் சர்க்கார் முத்திரையோடு கேட்கும் என்று கனவிலாவது நினைத்தேனா?

எனக்கு அந்த நிலம் வேண்டாம். நம்புகிறவர்கள் நம்புங்கள். பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடு தங்கச்சி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் லீவு போட்டு விமானம் ஏறிப் போய்க் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் விட்டுக்கொடுப்பதற்கும் முதலில் மாரிமுத்து மகள் என்று எழுதினால்தானே ஆகும்? அந்த ஒரு வரிதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறு எந்தக் காகிதத்திலும் அப்பா பேருக்குப் பக்கத்தில் என் பேர் கிடையாது.

4

சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கயல் முன்னாலேயே மிரட்டி வைத்திருந்தாள். சத்தமாகப் பேசக் கூடாது, டீச்சரிடம் குடும்பக் கதை சொல்லக் கூடாது, டப்பாவில் முறுக்கு கொண்டுவரக் கூடாது.

மேசையில் பெரிய சாமான் ஒன்றும் இல்லை. உப்புத் தண்ணீர், பாத்திரம் தேய்க்கிற சோப்பு, அன்னாசிச் சாறு, ஐஸில் வைத்த சாராயம் மாதிரி ஒரு பாட்டில். இவ்வளவுதானா என்று இருந்தது. உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றி ஒரு நிமிஷம் நன்றாகக் கொப்பளிக்கச் சொன்னார்கள். கயல் காகிதக் கப்பை நீட்டி, "அம்மா, துப்பு" என்றாள்.

பெற்ற தாயைப் பார்த்துத் துப்பு என்கிறாளே, 'ங்க' எங்கே போனது என்று ஒரு கணம் கோபம் வந்தது. பிறகு நினைத்துக்கொண்டேன், சரியாகத்தான் சொல்கிறாள். இவ்வளவு நாளாக நானும் துப்பைத்தானே தேடிக்கொண்டிருக்கிறேன். வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது.

துப்பினேன். அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சோப்பு இரண்டு சொட்டு விட்டு, நுரை வராமல் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினாள். அன்னாசிச் சாறு ஒரு சொட்டு. பிறகு குழாயைச் சாய்த்துப் பிடித்து, ஜில்லென்ற அந்த ஸ்பிரிட்டை ஓரமாக வழியவிட்டாள். அது கலக்காமல் மேலே தெளிவாக நின்றது. "இப்ப அசைக்காத. பாரு" என்றாள்.

இரண்டும் சந்திக்கிற இடத்தில் முதலில் புகை மாதிரி ஒரு வெண்மை கட்டியது. அதிலிருந்து மெல்லிசாக ஒரு இழை மேலே எழும்பியது. கூட இன்னொன்று. குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழிகளைத் தூக்கிக்கொண்டு, ஒன்றோடொன்று பின்னி, ஈரப் பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல மிதந்தது. டீச்சர் ஒரு குச்சியால் சுற்றி எடுத்தார். வழுவழுவென்று நீண்டது.

புத்தகத்தில் பார்த்த முறுக்கிய ஏணியைத் தேடிக்கொண்டிருந்தேன். இது சத்தியமாக ஊசிப்போன சாம்பார் நூல் விடுமே, அது. பச்சையாகச் சொன்னால் சளி. "அய்ய, இதுவா?" என்று தமிழில் கத்திவிட்டேன். பக்கத்திலிருந்த அப்பா அம்மாக்கள் எல்லாம் திரும்பினார்கள். கயல் தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சர் தங்கமான பெண். கோடிக்கணக்கான இழைகள் ஒன்றாகச் சிக்கிக்கொண்டதால்தான் கண்ணுக்குத் தெரிகிறது, ஒற்றை இழையை யாராலும் இப்படிப் பார்க்க முடியாது என்று நிதானமாக விளக்கினார். நான் கேட்டேன், "இதில் என் அப்பா எது? பார்த்தால் தெரியுமா?"

அவர் தன் குழாயையும் என் குழாயையும் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். அவருக்கு முடி பொன்னிறம், கண் நீலம். நான் எங்கள் தெருக் கறுப்பு. இரண்டு குழாயிலும் அதே வெள்ளை. "பார்த்துச் சொல்லவே முடியாது, ஃப்ரௌ கோவிந்தன். அதைப் படிக்க இயந்திரம் வேண்டும். அப்பா இல்லையென்றால் உடன்பிறந்தவர் யாராவது கொடுக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க."

கோவிந்தன் என்று அந்த இடத்திலும் கூப்பிட்டாரே, அதற்கு என்ன செய்ய? என் அப்பா குழாய்க்குள் மிதக்கிறார், வெளியே லேபிளில் மாமா பேர். கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான் கயல் என் முகத்தைப் பார்த்தாள். பஸ்ஸில் வீடு வருகிற வரைக்கும் முழுக் கதையையும் அவளிடம் சொன்னேன், பாதித் தமிழில், பாதி ஓட்டை ஜெர்மனில். அவள் ஒரு தடவைகூட என்னைத் திருத்தவில்லை.

"அப்ப மாமா எச்சில் குடுத்தாப் போதும். அவர் தப்பா எழுதிட்டார்னு தெரிஞ்சா குடுப்பார்தானே?" என்றாள்.

"குடுப்பாருடி. என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போனவராச்சே" என்றேன்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை கயல் போனிலிருந்து கூப்பிட்டேன். தெரியாத நம்பர் என்பதால் அண்ணனே எடுத்தது. பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தம்.

"அண்ணே, நான்தான்."

மிக்ஸியை நிறுத்தச் சொல்லிவிட்டு, "அஞ்சலையா? நல்லாருக்கியா? புள்ள எப்படி இருக்கு?" குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

"நல்லாருக்கோம். அண்ணே, உன்கிட்ட சண்டை போடக் கூப்பிடல. அந்த வாரிசு காயிதத்துல ஏதோ தப்பாயிடுச்சு. நீ ஒண்ணும் அலைய வேணாம். பஞ்சுக் குச்சியை வாயில வச்சு எடுப்பாங்க, வலிக்காது. நானும் இங்க குடுக்குறேன். ரெண்டையும் வச்சுப் பாத்தா நாம கூடப் பொறந்தவங்கன்னு வந்துடும். ஆபீஸ்ல காட்டிட்டு, அப்புறம் நிலத்தை நானே உனக்கு எழுதித் தர்றேன்."

அண்ணன் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை. சின்ன வயசில் நான் தப்பாகப் பாட்டுப் பாடினால் சிரிக்குமே, அந்தப் பாசமான சிரிப்பு.

"ஏ பைத்தியமே. நீ என் கூடப் பொறந்தவன்னு எனக்குத் தெரியாதா? அதுக்குப் போயி டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னுக்கிட்டு. நீ எங்கயோ இருக்க. ஒவ்வொரு கையெழுத்துக்கும் உன்னைத் தேடிக்கிட்டு இருக்க முடியுமா? உன் சர்ட்டிபிகேட்டுல மாமா பேரு தோதா இருந்துச்சு, அதை வச்சு முடிச்சேன். காயிதத்துலதான் நீ இல்ல. மத்தபடி என் தங்கச்சி தங்கச்சிதான். யாரு இல்லேன்னா?"

"நீதானே அண்ணே எழுதிக் குடுத்திருக்க?"

"அட, அது ஆபீஸுக்கு. அப்பா தெவசத்துக்கு வர்றியா? வந்தா ஒரு வாரம் இருக்கிறாப்ல வா. உங்கண்ணி நண்டுக் குழம்பு வைக்கிறேங்கிறா."

பண்ணைக்காரர் செத்த சித்தி பேரில் எழுதினார். என் அண்ணன் உயிரோடு இருக்கிற தங்கச்சியை அடித்து எழுதியிருக்கிறது. எதை எதிர்த்து அப்பா சிறைக்குப் போனாரோ அந்தப் பாடத்தை வீட்டுக்குள்ளேயே ஒரு பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறது. சரி வைக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கயல் பக்கத்திலேயே நின்றிருந்தாள். "மாமா என்ன சொன்னார்?"

"நான் அவர் கூடப் பொறந்த தங்கச்சிதானாம். அவருக்கு முன்னாடியே தெரியுமாம்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அப்ப டெஸ்ட்டே வேணாமே! நாம ஜெயிச்சிட்டோம்தானே அம்மா?"

"இல்லம்மா" என்றேன். "மாமா தெரியாமப் பண்ணிட்டாருன்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."